சின்னதொரையின் வண்டிக்கு ஆயுத பூஜை

எனக்கு முன்கோபம் அதிகம் என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். அது பிறவிக்குணம் அல்ல. ஒரு பழைய மோட்டார் சைக்கிளோடு பல வருஷம் குடித்தனம் நடத்தியதால் வந்தது.

ஐம்பதுகளில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் ஆபீஸ் கிளாக்கராக இருந்தேன். எங்கள் சின்னதொரை, அதாவது தோட்டத்தின் உதவித் துரையாக இருந்த வெள்ளைக்காரர், சீமைக்குத் திரும்பும்போது தன் வண்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். யுத்தத்துக்கு முந்தின வண்டி. மனுஷன் அதை அவசர அவசரமாகக் கைமாற்றியபோது கப்பலைப் பிடிக்கிற அவசரம் என்று நினைத்தேன். வண்டியிடமிருந்து தப்பிக்கிற அவசரம் என்பது பிறகுதான் புரிந்தது.

அந்த வண்டிக்குப் பேட்டரியில் மின்சாரம் இருந்தால்தான் என்ஜின் ஓடும். ஓட ஓட டைனமோ பேட்டரியை நிரப்பிக்கொண்டே வரவேண்டும். நிரம்புகிறதா இல்லையா என்று சொல்ல ஹெட்லைட்டின் தலையில் சின்னதாக ஒரு அம்மீட்டர் உண்டு. முள் வலப்பக்கம் சாய்ந்தால் வரவு, இடப்பக்கம் சாய்ந்தால் செலவு. என் மனைவி பின்சீட்டில் உட்கார்ந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வருவாள். நான் ரோட்டைப் பார்ப்பேன், அவள் முள்ளைப் பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் சண்டை இல்லாமல் நடந்த வேலைப் பங்கீடு இது ஒன்றுதான்.

அவள் வட்டவளைப் பெண். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவள். டீச்சராக வேண்டும் என்ற ஆசையைப் புகுந்த வீட்டுக்குப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தாள். அதைப் பற்றி வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டால் செய்துகொண்டிருக்கிற வேலையை நிறுத்திவிட்டு நிற்பாள். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சற்று முன்னால்தான் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சின்ன வகுப்புகளுக்கு ஒரு டீச்சர் வேண்டும், பூஜைக்கு அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்து தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டும், அவர் அன்றே ஒருவரை முடிவுசெய்துவிட்டுக் கண்டிக்கு ரயில் ஏறிவிடுவார் என்று செய்தி. வேறு இரண்டு பேரும் வருகிறார்களாம். எங்கள் பக்கத்து பஸ் காலையில் எதிர்த்திசையில் போகும். ஆகவே வண்டிதான் கதி.

வண்டியைத் தயாராக வைத்துக்கொள்வோம் என்று பூஜைக்கு முந்தின நாளே டைனமோவைத் திறந்து துடைத்தேன். சீட்டுக்குக் கீழே இருக்கிற கட்-அவுட் பெட்டியையும் திறந்தேன். என்ஜின் ஓடும்போது டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துவைப்பதும், நின்றதும் பிரித்துவிடுவதும் கட்-அவுட்டின் வேலை. உள்ளே இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள். அவை ஒன்றையொன்று தொட்டால்தான் மின்சாரம் பேட்டரிக்குப் போகும். மெல்லிய உப்புத்தாளால் அவற்றைப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். மூடியைப் பூஜை முடிந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வண்டியை வாசலில் நிறுத்தி, ஸ்பேனர், திருப்புளி எல்லாவற்றையும் வாழை இலையில் பரப்பினோம். அவளுடைய அரிவாள்மனையும் அம்மியும்கூட இருந்தன. அவள் சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாகக் கிளம்பினாள். டேங்குக்குப் பொட்டு, ஹெட்லைட்டுக்குப் பொட்டு, இரண்டு சக்கரத்துக்கும் பொட்டு, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பொட்டு. நான் மாலை கட்டிக்கொண்டே பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணு வெக்கலையா?" என்று கேட்டேன்.

"நீங்க என்னா ஆயுதமா? சத்தம்தான் போடுறீங்க" என்றாள்.

விஜயதசமியன்று காலையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். கட்-அவுட் மூடியைக் குனிந்து பார்க்காமலே மாட்டித் திருகினேன். நல்ல நாளாயிற்றே என்று அவளை ஏற்றிக்கொண்டு தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோர் வரை ஒரு சுற்றுப் போனேன்.

"என்னாங்க, முள்ளு இந்தப் பக்கம் சாயுதுங்க" என்றாள் பின்னாலிருந்து.

"எந்தப் பக்கம்?"

"செலவுப் பக்கம்."

அன்று பிடித்தது சனி. கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் என்று முதலில் முடிவுசெய்தேன். சோதித்துப் பார்க்கவெல்லாம் பொறுமை இல்லை. ஹட்டனுக்குப் போய் பாஸ் என்று எல்லோரும் கூப்பிடும் சிங்கள மெக்கானிக்கிடம் புது பிரஷ் வாங்கிவந்து விறாந்தையில் உட்கார்ந்து மாற்றினேன். ஸ்பிரிங்கைப் பிடி என்றால் பிடிப்பாள், விடு என்றால் விடுவாள். மாற்றி முடித்து என்ஜினை ஓடவிட்டால் முள் அதே இடப்பக்கம்தான். பாஸ் மட்டமான பிரஷைத் தந்து ஏமாற்றிவிட்டார் என்று மறுபடியும் ஹட்டன் போய்ச் சண்டை போட்டேன். அந்த மனுஷர் சிரித்துக்கொண்டே, "மாத்தயா, இது பிரஷ் இல்ல. டைனமோவுக்கு உள்ள சுத்துற ஆமேச்சர் பத்திப்போச்சு. ரெண்டு கிழம இங்க வெச்சிட்டுப் போங்க" என்றார். இரண்டு வாரமா? திங்கட்கிழமை என் தலைக்குமேல் நிற்கிறதே. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எலியின்மேல் சந்தேகப்பட்டேன். பின் வாசலில் படுத்திருந்த பூனையை, எலி பிடிக்காமல் என்ன செய்கிறாய் என்று திட்டினேன். கடைசியில்தான் செய்யவேண்டியதைச் செய்தேன். டைனமோவிலிருந்து வரும் வயர்களைக் கழற்றி அதில் நேராக ஒரு பல்பைக் கொடுத்து அவளைப் பிடிக்கச் சொன்னேன். என்ஜின் ஓடியதும் பல்பு பளீரென்று எரிந்தது.

"டைனமோ நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள் அவள். "அப்ப அங்கருந்து பேட்டரிக்குப் போற வழியில என்னா இருக்கு?"

"கட்-அவுட்டு."

"அதத் தொறந்து பாத்தா என்னாங்க?"

"அத நானே என் கையால சுத்தம் பண்ணியிருக்கேன். அதுல என்னா கோளாறு வரும்? பேசாம பல்பப் பிடி."

பல்பை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் குசினியில் பாத்திரங்கள் உரக்கப் பேச ஆரம்பித்தன.

வேறு வழியில்லாமல் சனிக்கிழமை பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டுபோய் அதே பாஸின் கடையில் முழுசாகச் சார்ஜ் ஏற்றி வாங்கிவந்தேன். டைனமோ ஒன்றும் தராவிட்டாலும், ஹெட்லைட் போடாமல் ஓட்டினால் போய் வருவதற்கு அது போதும் என்பது என் கணக்கு.

திங்கட்கிழமை விடிந்தது. மலையைக் காணவில்லை, தேயிலையைக் காணவில்லை, எங்கள் வாசல் கேட்டைக்கூடக் காணவில்லை. அப்படி ஒரு பனிமூட்டம். அவள் வெளிர் நீலச் சேலையில், தலையை இழுத்து வாரி, கையில் சர்ட்டிபிக்கேட் சுருளோடு தயாராக நின்றாள். கிளம்பினோம். முதல் வளைவிலேயே மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கொழுந்து லொறி மூஞ்சிக்கு நேரே முளைத்தது. அதற்குப் பிறகு ஹெட்லைட் போடாமல் ஓட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் முள்ளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வந்தாள். சொல்லாமல் வருகிறாள் என்பதிலிருந்தே அது எந்தப் பக்கம் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஓர் ஏற்றத்தின் உச்சியில் என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. உதைத்தேன், உதைத்தேன், கால்தான் வலித்தது. மூட்டம் மெல்ல விலகியது. பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள்.

"ஐயாவோட குதிர படுத்திருச்சா? புல்லுக் கில்லு போட்டீங்களா ஐயா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

என் மனைவி சிரிக்கவில்லை. ரோட்டை ஒரு தரம் பார்த்தாள். "நான் நடக்கிறேங்க" என்றாள். நடந்தால் அவள் போய்ச் சேரும்போது தலைமையாசிரியர் ரயிலில் இருப்பார். அது அவளுக்கும் தெரியும். எனக்கு ஆத்திரமெல்லாம் போய் அழுகை வந்துவிட்டது. முகத்தை மறைத்துக்கொள்ள ஏதாவது வேலை வேண்டுமே என்றுதான் சீட்டுக்குக் கீழே குனிந்தேன். பூஜைக்குப் பிறகு அந்த வண்டியில் நான் திறந்து பார்க்காமல் மிச்சம் விட்டிருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். மூடியைத் திருகிக் கழற்றினேன். புள்ளிகள் இரண்டுக்கும் நடுவே மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டியாக ஒட்டிக்கிடந்தது. அதன்மேல் சிவப்பாக ஒரு துளி.

அவளும் குனிந்து பார்த்தாள். "ஐயய்யோ. நான் வெச்ச பொட்டுங்க" என்றாள்.

நியாயமாக நான் அப்போது மலையே அதிரும்படி கத்தியிருக்க வேண்டும். "இதுக்குள்ள போயி யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?" என்றுதான் கேட்க முடிந்தது.

"பளபளன்னு இருந்திச்சுங்க. அதுதான் முக்கியமான எடம்னு நெனச்சேன்." என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அருவாமனையும் அம்மியும் எல்லா வீட்டுலயும் இருக்கிறது. எனக்குன்னு எலையில வெக்க ஒரு சாமான் கெடயாது. அதான் உங்களோடதுல ஒண்ணு விடாம வெச்சேன்."

இத்தனை நாள் ஸ்பிரிங்கைப் பிடித்து, பல்பைப் பிடித்து, என் வசவையும் வாங்கிக்கொண்டு நின்றவள், தனக்கென்று எதுவும் இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்கவும் எனக்குத் தோன்றியதில்லை.

அவளே தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவிச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தாள். நான் தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தைக் கிழித்துப் புள்ளிகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்தேன். அவள் விரலெல்லாம் கறுப்பு. இனி வண்டியை இறக்கத்தில் தள்ளி ஓடவிட்டால்தான் உண்டு. தயங்கித் தயங்கி அந்தப் பெண்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

"கொழுந்து என்னா தானா வந்து கூடையில விழுமா?" என்று கங்காணி மேலேயிருந்து சத்தம் போட்டார். பிறகு அவரும் இறங்கி வந்து கை கொடுத்தார்.

"நாங்க ஐயாவத் தள்ளல. டீச்சரம்மாவத்தான் தள்ளுறோம்" என்றாள் குதிரையைப் பற்றிக் கேட்டவள்.

வண்டி உருண்டது, வேகம் பிடித்தது. கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கு, ஒரு வெடி, பிறகு என்ஜின் பிடித்துக்கொண்டது. இறக்கத்தில் அது பாடிய பாட்டை இன்றைக்கும் மறக்கவில்லை. என் காதருகே அவள் கத்தினாள்: "என்னாங்க! வரவுப் பக்கம்! நல்லா சாயுதுங்க!"

பள்ளிக்கூடத்தை அடைந்தபோது பத்து மணி தாண்டியிருந்தது. மற்ற இரண்டு பேரும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். தலைமையாசிரியர் கிளம்பத் தயாராகக் குடையோடு நின்றார். அவள் கையைப் பார்த்து, இதென்ன என்று கேட்டார். அவள் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவர் குடையைச் சாத்தி வைத்தார். "இதையே மூணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

நான் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அவள் கரும்பலகையில் மலைத்தண்ணீர் வந்து விழும் ஒரு பீலியையும் வாளியையும் வரைந்தாள். பீலிதான் டைனமோ, வாளிதான் பேட்டரி. நடுவில் ஒரு கதவு. கதவில் ஒரு பெரிய பொட்டு. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்புகளும் எட்டிப் பார்த்தன. என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள்.

அவள் வெளியே வந்தாள். "ஜனவரியிலருந்து வரச் சொல்லிட்டாங்க" என்றாள். வண்டியின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். திரும்பும்போது அந்த ஏற்றத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, மலையைப் பார்த்துக் கறுத்த கையை ஆட்டினாள். அங்கிருந்து வந்த கூச்சலில் கங்காணியின் சத்தம் எடுபடவே இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாளே கட்-அவுட்டை நான் மூடித் திருகிவிட்டேன். காலையில் வாழை இலையைப் பரப்பியபோது என் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் அவள் தான் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தை எடுக்கப் போனாள். நான் அதை வாங்கிக்கொண்டு முதல் பொட்டை அந்தப் பெட்டிக்கு வைத்தேன்.