பக்கத்து லைன்

வல்லரசுவுக்கு எப்பவுமே பக்கத்து லைன்தான் வேகமா போகும். கன்டெய்னர் ட்ரெயிலர் ஓட்ட ஆரம்பிச்சு பதினோரு வருஷம், அதுக்குள்ள நாலு கம்பெனி மாறியாச்சு. ரேஷன் கடையில கூட ரெண்டு தடவை வரிசை மாத்துவான். அவன் பொண்டாட்டி ரமாபாய் கல்யாண போட்டோவ காட்டி கிண்டல் பண்ணுவா. "பாரு, தாலி கட்ற நேரத்துலயும் எங்கயோ பாத்துகினு கீற!"

அன்னிக்குக் காலைல காசிமேடு பக்கம் க்யூவுல நிக்கறான். துறைமுக கேட் வரைக்கும் அறுபது எழுபது ட்ரெயிலர். கருவாட்டு வாசனை ஒரு பக்கம், டீசல் புகை ஒரு பக்கம். வண்டி வேற பழசு. மூணாவது கியர் விழணும்னா கெஞ்சணும். சீட்டு பிஞ்சி கம்பி முதுகுல குத்தும். அந்த கேபின்ல நிம்மதியா உக்காந்திருந்தது டேஷ்போர்டுல ஒட்டின குட்டி புத்தர் மட்டும்தான்.

மத்தியானம் ஒரு போன் வந்துச்சு. விம்கோ நகர் பக்கம் புதுசா தொறந்த ஒரு கன்டெய்னர் யார்டுல டிரைவர் வேல. புத்தம் புது வண்டி, ஏசி கேபின். "நாலு மணிக்குள்ள லைசென்ஸோட வந்துடுங்க. இல்லன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவோம்."

அதுக்கப்புறம் அவனுக்கு இருப்பே கொள்ளல. ஏறினான், எறங்கினான், டயர எட்டி ஒதைச்சான். வண்டிய வுட்டுட்டுப் போகவும் முடியாது. கேட்ல பாஸ்ல இருக்கற மூஞ்சிதான் சீட்ல இருக்கணும், இல்லன்னா வண்டிய ஓரங்கட்டிட்டு திருப்பி க்யூவோட வால்ல நிக்க வெச்சிடுவாங்க. கப்பலோ ஆறு மணிக்கு மேல பெட்டி ஏத்தாது.

ஆனா இந்த க்யூவுல ஒரு பழக்கம் இருக்கு. தூங்கணும், குளிக்கணும்னா சாவிய பின்னாடி வண்டிக்காரர்கிட்ட குடுத்துடலாம். அவரு முன்னாடி வண்டிய பத்தடி நகத்திட்டு, எறங்கி ஓடி வந்து தன் வண்டியயும் நகத்துவாரு. யாரும் எழுதி வெச்ச சட்டம் இல்ல. யாரும் தேங்க்ஸும் சொல்றதில்ல.

பின்னாடி இருந்தது பக்தவச்சலம். காலடிப்பேட்டைக்காரர், அம்பத்தஞ்சு வயசு, எப்பவும் தோள்ல ஒரு துண்டு.

"நைனா, வயிறு பேஜாரா கீது. ஆஸ்பத்திரி போயிட்டு வந்துடறேன்"ன்னான் வல்லரசு.

பெரியவர் அவன ஏற எறங்கப் பாத்தாரு. சாவிய வாங்கி இடுப்புல சொருகினாரு. "போ. சீக்கிரம் வா."

யார்டுல ஜெரின்னு ஒரு சூப்பர்வைசர், நாகர்கோவில் பக்கத்துப் பையன். வண்டியில ஏத்தி உக்கார வெச்சான். அய்யோ, அந்த சீட்டு! அந்த சில்லுனு காத்து! வல்லரசு கண்ண மூடிட்டான். இவ்ளோ நாள் முதுகுல குத்தின கம்பி எல்லாம் ஞாபகம் வந்துச்சு.

"ஒரே கண்டிஷன்ணே," ஜெரின் சொன்னான். "கேபின்ல கேமரா உண்டு. சாவி உங்க கைய விட்டுப் போகவே கூடாது. எவ்ளோ நேரம் நின்னாலும் நீங்கதான் உள்ள இருக்கணும்."

"ஒண்ணுக்கு வந்தா?"

ஜெரின் சிரிச்சான்.

போட்டோ, கைரேகை எல்லாம் எடுக்க அரை மணி ஆகும்னான். மணி மூணேகால். அப்ப பாத்து பக்தவச்சலம் போன்.

"டேய், எங்கடா கீற? இன்னா மாயமோ தெரியல, க்யூ பிச்சிகினு போவுது. முன்னாடி பத்து வண்டிதான்!"

ஃபாரம் கையில, பேனா கையில. வல்லரசு ரெண்டையும் டேபிள்ல வெச்சான். "சார், இதோ வந்துடறேன்"னு ஓடினான்.

ஷேர் ஆட்டோ நகரல. முன்னாடி பூரா ட்ரெயிலர். பக்கத்துல மீன் கூடையோட உக்காந்திருந்த அக்கா திட்டித் தீத்தாங்க. "இந்த ட்ரெயிலர்காரனுங்களால ஒரு எடத்துக்குப் போவ முடியுதா?"

"ஆமாக்கா, கலீஜ் பசங்க"ன்னான் வல்லரசு. கால் மட்டும் தாளம் போட்டுகிட்டே இருந்துச்சு. மூணே முக்கால். நாலு. அந்த வேலை போச்சு. இந்த வண்டியும் க்யூவோட வாலுக்குப் போயிருக்கும். ரெண்டும் போச்சுடா!

நாலேகாலுக்கு எறங்கி ஓடறான். கேட் கிட்ட அவன் வண்டியக் காணோம். வயித்துல நெஜமாவே வலி வந்துடுச்சு. அப்புறம்தான் பாத்தான்: கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி எடது ஓரத்துல ரெண்டு ட்ரெயிலர், ஒண்ணு பின்னாடி ஒண்ணு. நடுவுல துண்ட வீசி, மத்த வண்டிங்களுக்கு வழி வுட்டுகினு நிக்கறாரு பக்தவச்சலம். தாண்டிப் போற ஒருத்தன் கத்தினான். "யோவ் பெருசு, ரெண்டு வண்டிய வெச்சிகினு கண்காட்சியா நடத்துற?"

"டிக்கெட் வாங்கினியாடா நீ?"ன்னாரு அவரு.

வல்லரசுவுக்கு மூச்சு வாங்குச்சு. "நைனா... உன் வண்டிய எடுத்துகினு நீ உள்ள போயிருக்கலாமே!"

"போயி? உன் வண்டி அம்போன்னு நிக்கவா? பதிமூணு வண்டி போயிடுச்சு. போவட்டும்." அப்புறம் மெதுவா, "வேல கெடைச்சிதா?"

"இன்னா வேல?"

"வயித்து வலிக்காரன் எவன்டா சட்டைய இன் பண்ணிகினு, ஃபைல் எடுத்துகினு போவான்?"

வல்லரசு கேபின்ல ஏறினான். ரமாபாய் கட்டிக் குடுத்த டிபன் டப்பா தொறக்காம அப்படியே இருந்துச்சு. "நீ துன்னியா?"

"எங்க துன்றது? நீ போனதுலேந்து இந்த வண்டிலேந்து எறங்கி அந்த வண்டில ஏறினேன்."

"இத எடுத்துத் துன்னுருக்கலாம்ல!"

"சாவிதான குடுத்த, சோறா குடுத்த?"

அவ்ளோதான், வல்லரசுவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தெரியாம இருக்க டப்பாவோட எறங்கி, அதத் தொறந்து குனிஞ்சிகிட்டான். நெத்திலிக் கொழம்பு. ரெண்டு பேரும் டயர் நிழல்ல நின்னுகிட்டே ஒரே டப்பாவுல கை வெச்சாங்க.

சாப்புட்டு கை கழுவறதுக்குள்ள ஜெரின் போன். "அண்ணே, உங்களுக்காக அஞ்சு மணி வரைக்கும் வெச்சிருக்கேன். வாரீங்களா?"

அந்த சில்லு காத்து மறுபடியும் மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு. வல்லரசு திரும்பிப் பாத்தான். பக்தவச்சலம் தன் பாட்டில் தண்ணியில டப்பாவ அலசிகினு இருந்தாரு.

"இல்ல ஜெரின் சார். சாவிய யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னீங்கல்ல, அது நமக்கு சரி வராது."

போன வெச்சான். தப்புப் பண்ணிட்டமோ? நல்ல சீட்டாச்சே! பொலம்பிகிட்டேதான் வண்டிய எடுத்தான். மூணாவது கியர் ஒரே தடவையில விழுந்துச்சு, அவனுக்கே ஆச்சரியம்.

அஞ்சேகாலுக்கு பாஸ்ல இருந்த மூஞ்சியும் சீட்ல இருந்த மூஞ்சியும் ஒத்துப் போயி ரெண்டு பேரும் கேட்டுக்குள்ள போனாங்க. உள்ள ரெண்டு லைன். வலது பக்கம் சரசரன்னு நகருது. வல்லரசுவோட கை தானா இண்டிகேட்டருக்குப் போச்சு.

பின்னாடிலேந்து பாம்னு ஒரு ஹாரன். கண்ணாடியில பாத்தா, பக்தவச்சலம் வெரல ஆட்டறாரு.

வல்லரசு சிரிச்சுட்டான். கைய எடுத்து ஸ்டீயரிங்ல வெச்சான். வலது லைன் இன்னும் வேகமாதான் போய்கினு இருந்துச்சு.