முகாமுக்குப் போகாத வண்டி

அன்றைக்குத் திருத்தங்கல் ரோட்டுப் பட்டறையில் இருந்தது ஆறு பேர். பட்டறை மெக்கானிக், தம்பியோடு ஸ்டாண்டில் வண்டி போட்டிருந்த கூட்டாளி, மதுரையிலிருந்து வந்த வண்டிக் கம்பெனிக்காரர், தம்பி பெண்டாட்டி, அவள் இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை, நான். எங்கள் பக்கம் எந்தப் பட்டாசுக் கம்பெனியில் வெடிச்சத்தம் கேட்டாலும் ‘ரூம்ல எத்தனை பேரு’ என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பழக்கத்தில் எங்கே போனாலும் ஆளை எண்ணிவிடுவேன். தம்பியை எண்ண முடியவில்லை. அவன் போய் இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

ஏழாம் வகுப்போடு என்னை நிறுத்திப் பட்டாசுக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பயத்தோடுதான் வேலைக்குப் போய் வருகிறேன். தம்பி லோடு ஆட்டோ வாங்கப் பைனான்ஸ் போட்டபோது ஜாமீன் கையெழுத்து என்னுடையது. போடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டேன். வெடி ஏற்றக் கூடாது. மருந்தோ திரியோ கூடாது, கம்பி மத்தாப்பு ஒரு பெட்டிகூடக் கூடாது. பிள்ளையார் கோவிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். அதன்படி பிரஸ்ஸிலிருந்து லேபிள், அட்டை, பேப்பர் மட்டும்தான் ஏற்றினான். நெருப்பையே நினைத்துக்கொண்டிருந்ததில் சக்கரத்தை நான் நினைக்கவே இல்லை.

மார்கழியில் ஷோரூமிலிருந்து ஓர் அட்டை வந்தது. தீபாவளி முடிந்து, புது ஆர்டர் இன்னும் சரியாகப் பிடிக்காத நேரம். வண்டிக்கு லோடு இல்லை, இரண்டு மாத டியூ நின்றிருந்தது. இலவசப் பரிசோதனை முகாம், மதிய உணவு உண்டு, பரிசு உண்டு என்று கலரில் அச்சடித்திருந்தார்கள். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். வேறு ஒன்றும் அதில் இல்லை.

அந்த ஷோரூம் மாடியில்தான் பைனான்ஸ் ஆபீஸ். அச்சங்குளத்துக்காரர் ஒருவர் சர்வீஸுக்கு வண்டியை விட்டதாகவும், டியூ பாக்கிக்காகச் சாவியை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டதாகவும் என்னோடு பேக்கிங்கில் இருந்த பெண் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முகாம் அன்று காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகலாம் என்று தம்பி என் வீட்டுக்கு வந்தான்.

“போகாதலே. சும்மா சோறு போட அவன் நமக்கு மாமனா மச்சானா? வண்டியத் தூக்கிருவான்” என்றேன்.

“பிரியாணியாம்க்கா” என்றான். நான் வாசலை விட்டு நகரவில்லை. சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான். “நீ பயப்படுறதுக்குச் சம்பளம் குடுத்திருந்தா இந்நேரம் ரெண்டு வண்டி வாங்கிருப்போம்.”

அன்றைக்கு முழுக்க வண்டி என் வீட்டு வேப்ப மரத்தடியில் நின்றது. மத்தியானம் நான் வைத்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான்.

ஆனி மாதம், காலை பதினோரு மணி, எம். புதுப்பட்டி போகிற ரோடு. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. முன்சக்கரம் தனியாகப் பிய்ந்து ஓட, வண்டி குப்புற விழுந்து அவன் அடியில் கிடந்தான். லேபிளெல்லாம் பறந்து கருவேல முள்ளில் மாட்டிக் கிடந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அதிவேகம், அஜாக்கிரதை என்று ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். செத்த துக்கத்துக்கு மேல் அந்த இரண்டு வார்த்தை என்னை அரித்தது. நாய் குறுக்கே வந்தால்கூட வண்டியை நிறுத்தி இறங்கி விரட்டிவிட்டுப் போகிறவன் அவன்.

ஸ்டேஷனிலிருந்து வண்டியை விட்டதும் மெக்கானிக் தன் பட்டறைக்கு இழுத்துவந்தார். பிரித்துப் பார்த்துவிட்டு அவரே ஷோரூமுக்குப் போன் போட்டார். அதனால்தான் மதுரை ஆள் வந்தார். அவர் வருவதற்குள் கூட்டாளியின் வண்டியையும் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். இரண்டும் ஒரே மாதம் எடுத்த வண்டி. கூட்டாளி முகாமுக்குப் போயிருந்தார். இரண்டு மணி நேரம் வண்டியை உள்ளே வைத்திருந்து, கிரீஸ் அடித்ததாகச் சொல்லி, ஒரு தொப்பியும் கொடுத்து அனுப்பினார்களாம்.

மெக்கானிக் எங்களைக் கீழே குனிந்து பார்க்கச் சொன்னார். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நிற்கிற ஃபோர்க், கூட்டாளியின் வண்டியில் புதுசாக, தடியாக இருந்தது. மாற்றியது அவருக்கே தெரியாது. தம்பி வண்டியில் பழைய ஃபோர்க், வெல்டிங் வைத்த இடத்தில் உடைந்திருந்தது.

“உடைஞ்ச வாய்க்குள்ள துரு ஏறிருக்கு பாருங்க. இது அன்னைக்கு விரிசல் விட்டது இல்ல, மாசக்கணக்கா விட்டுக்கிட்டே வந்துருக்கு. தம்பி மேல தப்பே இல்ல தங்கச்சி” என்றார்.

எனக்கு அது போதும் போல இருந்தது. கம்பெனிக்காரரும் இதை எழுதிக்கொடுத்துவிட்டால் ஸ்டேஷன் எழுத்தை மாற்றிவிடலாம் என்று நம்பினேன்.

கம்பெனிக்காரர் சின்ன வயசு. மரியாதையாகத்தான் பேசினார். போட்டோ எடுத்தார், பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு என்னிடம் கேட்டார். “முகாம் அட்டை உங்களுக்கு வந்துச்சாம்மா?”

மெக்கானிக் அவருக்குப் பின்னால் நின்று வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஏன் ஆட்டுகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் பேனா பிடித்த ஆள் முன்னால் எனக்குப் பொய் வராது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

“வந்துச்சு சார். நாந்தான் போகவேண்டாம்னு நிறுத்துனேன்.”

டியூ, அச்சங்குளத்துக்காரர், சாவி, வேப்ப மரம் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

“அதுல கோளாறுன்னு ஒரு வார்த்தை இருந்துச்சா சார்? சோறு போடுறோம்னுதான போட்டிருந்தீக” என்றார் மெக்கானிக்.

“கோளாறு இல்லீங்க. தர மேம்பாடு” என்றார் அவர்.

தம்பி பெண்டாட்டி முன்னால் வந்தாள். பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மதினி, முகாமுக்குப் போயிட்டு வந்தேன்னுல உங்க தம்பி சொன்னாக. பிரியாணி நல்லா இல்லைன்னு சொன்னாகளே.”

அவளிடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அப்படிச் சொல்லியிருக்கிறான். நான் தடுத்தேன் என்று தெரிந்தால் எங்களுக்குள் வருத்தம் வரும் என்று நினைத்திருப்பான். ஆறு மாதம் அவள் அந்த வண்டியைச் சோதித்த வண்டி என்று நம்பித்தான் அனுப்பியிருக்கிறாள்.

கம்பெனிக்காரர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். உடைந்த ஃபோர்க்கை ஒரு சாக்குப் பையில் போட்டுச் சோதனைக்கு என்று கொண்டுபோனார். இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. உரிமையாளருக்கு முறைப்படி தெரிவித்தும் அவர் வண்டியைக் கொண்டுவரவில்லை, அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று எழுதியிருப்பதாக ஒரு வக்கீல் படித்துச் சொன்னார். ஸ்டேஷனில் எழுதிய இரண்டு வார்த்தையும் அப்படியேதான் இருக்கிறது.

போன மாதம் டிவி செய்தியில், வெளிநாட்டில் ஒரு கார்க் கம்பெனி விற்ற கார்களையெல்லாம் திரும்பக் கூப்பிடுகிறது என்றார்கள். இன்ன இடத்தில் குறை இருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்று அவர்களே சொல்கிறார்களாம். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று பார்த்தேன். அந்த அட்டையில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால், சாவியைப் பிடுங்கினால் பிடுங்கட்டும் என்று நானே வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருப்பேன்.

தம்பி பெண்டாட்டி சாத்தூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். இன்சூரன்ஸில் வந்தது அவளுக்கும் பிள்ளைக்கும். அதில் நான் கை வைக்கவில்லை. பிள்ளையைப் பார்க்கப் போனால் தண்ணீர் கொடுக்கிறாள், உட்காரச் சொல்கிறாள். மதினி என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

வண்டி பழைய இரும்பு விலைக்குப் போனது. பைனான்ஸ்காரர் மாதம் ஒரு தடவை என் வாசலுக்கு வருகிறார். அந்த இரும்பு விலையும் மூன்று வருஷமாக நான் கட்டியதும் வட்டிக்குப் போனது போக, ஜாமீன் போட்ட என் பேரில் இன்னும் நிற்பது முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய்.