ஒற்றை லென்ஸோடு சோழவந்தான் கல்யாணத்துக்கு

பசுமலை டயானா ஒரு கல்யாண மண்டபத்துக்கு வருகிறாள் என்றால் அவளுக்கு முன்னால் அவளுடைய பைகள் வந்துவிடும். இரண்டு கேமரா, குட்டையும் நெட்டையுமாக லென்ஸ்கள், விளக்கு, குடை, ஸ்டாண்டு என்று எல்லாவற்றையும் கணவன் ஆலன் சுமந்து வந்து இறக்குவான். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்க வந்தவள் அவள். பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு என்று கேட்ட சொந்தக்காரர்கள், சாமான் சேரச் சேர வாயை மூடிக்கொண்டார்கள். அதனாலேயே அவளுக்குச் சாமான்கள் மேல் ஒரு தனிப் பிரியம்.

பரவையில் ஒரு வீட்டுக்கு ஆல்பம் கொடுக்கப் போனபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. மணப்பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்குக்கா. ஆனா வேத்தாள் வீட்டுக் கல்யாணத்தப் பாக்குற மாதிரி இருக்கு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டயானாவுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து பழைய படங்களையெல்லாம் போட்டுப் பார்த்தாள். அத்தனையும் எட்ட நின்று ஜூம் பண்ணி எடுத்தவை. முகங்கள் பளிச்சென்று இருந்தன. பக்கத்தில் நின்றது யார், எந்த ஊர், எந்த மண்டபம் என்று ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வேலை சோழவந்தானில். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பேயாண்டியின் மகள் அஸ்வினிக்குக் கல்யாணம். ஒரே கேமரா, ஜூம் ஆகாத ஒரே லென்ஸ், அதோடு போகப்போகிறேன் என்று டயானா சொன்னதும் ஆலனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அடுத்தவுக வீட்டு விசேஷத்துல போயி பரீட்சை பண்ணாத. தாலி கட்டுறது ஒருவாட்டிதான்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் அஸ்வினிக்கே போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, கிட்ட வந்து எடுப்பீர்களா என்று மட்டும் கேட்டாள். வருவேன் என்றாள் டயானா. எதற்கும் இருக்கட்டும் என்று, பெரிய ஜூமோடு ஆலன் மேடைக்கு எதிரே நிற்பதாக முடிவாயிற்று.

கல்யாணத்தன்று காலையில் டயானா திண்டாடித்தான் போனாள். கண் ஒன்றைப் பார்க்கும், விரல் லென்ஸைத் திருகப் போகும், திருக ஒன்றும் இருக்காது. மாடியில் அஸ்வினியின் தங்கை தனியாக நின்று அழுவது கீழிருந்தே தெரிந்தது. படியேறி ஓடுவதற்குள் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். ஜூம் இருந்திருந்தால் கிடைத்திருக்கும். அந்த வருத்தம் டயானாவுக்கு இன்றும் உண்டு.

பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது. இருந்த இடத்தில் நின்று காத்திருப்பதில் பிரயோசனமில்லை, போய்த்தான் ஆகவேண்டும். போனால் பேசத்தான் வேண்டும். பந்தியில் குனிந்து, என்ன பாயசம் என்று விசாரித்தாள். மாப்பிள்ளையின் அத்தைமாரிடம் சேலையைப் பற்றிப் பேசினாள். பேசிய பிறகு யாரும் அவளுக்காக விறைத்து நிற்கவில்லை.

தாரை வார்க்கும் நேரத்தில் ஐயரிடம் கேட்டுத் தட்டைச் சற்று நகர்த்திவிட்டு மணமேடையிலேயே முழங்காலிட்டு உட்கார்ந்தாள். பேயாண்டி மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். வைத்தவர் தன் கையை எடுக்கவில்லை. ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். கொடிக்கால் வேலையில் காய்த்துப்போன அந்தக் கை அங்கேயே இருந்தது. மனைவி ஜெயக்கொடி மெல்ல அவர் முழங்கையைத் தொட்டாள். அப்போது பேயாண்டி நிமிர்ந்து நேரே டயானாவைப் பார்த்தார். கேமராவை இறக்கிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"எடு தாயி" என்றார் அவர்.

எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து இருவர் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆலன் எடுத்ததில் மேடை முழுசாக, துல்லியமாக இருந்தது. டயானாவின் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கைகள், மாப்பிள்ளையைப் பார்க்காமல் அப்பனையே பார்க்கும் அஸ்வினி, பின்னால் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும் சனம். ஆலன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"என் படத்துல அவரு கையே தெரியல" என்றான் கடைசியில். "ஆல்பத்துல இத முன்னாடி வை."

டயானா மற்ற லென்ஸ்களை விற்றுவிடவில்லை. பீடத்துக்கு அருகே போகக்கூடாத தேவாலயக் கல்யாணங்களுக்கு நெட்டை லென்ஸ் இல்லாமல் முடியாது. சாமானைக் குறைத்தால் நல்ல படம் தானாக வந்துவிடும் என்றும் அவள் நம்பவில்லை. தன்னை எழுந்து நடக்க வைத்தது அந்த ஒற்றை லென்ஸ்தான் என்பது மட்டும் அவளுக்கு நிச்சயம். இப்போது பெரும்பாலான கல்யாணங்களுக்கு அதோடுதான் போகிறாள்.

ஆல்பம் கொடுக்கச் சோழவந்தான் போனபோது, முன்பே கேட்டு வாங்கிய அந்தப் படத்தை ஜெயக்கொடி பெரிதாகச் சட்டம் போட்டு முன்னறைச் சுவரில் மாட்டியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் அதன் முன்னால் நின்றிருந்தார்கள். எந்த ஊரு ஆள் எடுத்தது, எம்புட்டுப் பெரிய கேமரா என்று ஒருவர் கேட்டார். இப்படிக் கேட்டால் கேமராவின் பெயரைச் சொல்லி நகர்ந்துவிடுவது டயானாவின் வழக்கம். அன்று சொல்லவில்லை.

"நான்தாண்ணே எடுத்தேன்" என்றாள்.

"நம்ம பசுமலைப் பிள்ளைதான்" என்று பேயாண்டி நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார்.