திரௌபதியின் காது

கண்ணை மூடிக்கொண்டுதான் திரௌபதி பாஸ்கெட்பால் பார்ப்பார். கல்லூரி மைதானத்துச் சிமெண்ட் படியில், தூக்குவாளியை மடியில் வைத்து அவர் உட்கார்ந்திருக்கும் அழகுக்கு, தூங்குகிறார் என்றே நினைப்பீர்கள். நானும் ஏமாந்தேன். "பதினோராம் நம்பருக்கு எடது கை சரியில்ல" என்று பக்கத்தில் குரல் வந்ததும் தூக்கிவாரிப்போட்டது.

செராமிக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக அவருக்கு இதுதான் வேலை. சூளையிலிருந்து வரும் பீங்கான் கப்பை விரலால் சுண்டுவார். கணீரென்றால் பெட்டிக்குள் போகும். ஒலி மந்தமாக இருந்தால் உள்ளே விரிசல். முதலாளியே பரிந்து பேசினாலும் கழித்தது கழித்ததுதான்.

அந்தக் காதோடுதான் மைதானத்துக்கும் வந்திருந்தார். பல்கலைக்கழக அணியில் ஃபார்வர்டுக்கு ஒரே ஓர் இடம் பாக்கி. ஸ்ரீமுஷ்ணத்து அம்புஜவல்லிக்கும் பதினோராம் நம்பர் துர்காவுக்கும் போட்டி. கூடையில் போடுவதில் இருவரும் சமம் என்பதால், பந்தைத் தட்டிக்கொண்டு போகும் திறமையை வைத்தே எடுப்பேன் என்று பயிற்சியாளர் பழமலைநாதன் சொல்லிவிட்டார். இடைவேளையில் அவர் இந்தப் பக்கம் வர, திரௌபதி கேட்காமலேயே தீர்ப்பு சொன்னார்.

"சார், அம்புஜவல்லி தட்டுனா ரெண்டு கையிலயும் கணீர்னு வருது. துர்கா எடது கைக்கு மாத்துனா சத்தம் அடங்கிப்போவுது. அம்புஜவல்லியயே எடுத்துக்குங்க."

"துர்கா உங்க பொண்ணுதானங்க?"

"அதுக்காவ விரிசல மறைக்க முடியுமா?"

இப்படியும் ஒரு தாயா என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் குடிக்க வந்த துர்காவின் காதிலும் அது விழுந்துவிட்டது. நாலு மாதமாக இந்த இடத்துக்காக விடியற்காலையில் ஓடிய பெண், முகம் சுண்டிப்போய் நின்றாள்.

பழமலைநாதன் சிரித்துவிட்டார். "அம்மா, பந்து ஒசர எழும்புனாத்தான் சத்தம் பலமா வரும். ஒசர எழும்புனா பறிச்சிடுவாங்க. உங்க பொண்ணு முட்டிக்குக் கீழயே வச்சித் தட்டுது, அதான் சத்தமில்ல. எடது கையில அப்படி வர்றது லேசில்லங்க. கண்ணத் தொறந்து பாருங்க."

பார்த்தார். ஆட்டம் மறுபடி தொடங்கியதும், இரண்டு பேர் குறுக்கே பாய்ந்தும் துர்காவின் இடது கையை விட்டுப் பந்து நகரவில்லை. ஓசைப்படாமல் கூடைவரை போனது. அம்புஜவல்லியிடம் மூன்று முறை பறித்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்து பழமலைநாதன் துர்காவின் பெயரைப் படித்ததும், கைதட்டக்கூடத் தோன்றாமல் திரௌபதி செருப்போடு மைதானத்துக்குள் இறங்கினார். "நான்தான்டி தப்பா சொல்லிட்டேன்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு மகளின் இடது கையைப் பிடித்து, அவள் வெட்கப்பட்டு இழுக்க இழுக்க, விடாமல் உயரத் தூக்கிக்கொண்டு நின்றார்.