பேட்டரி போட இடமில்லாத கேமரா

அன்று காலை வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. பட்டாசு ஆலைகள் நிறைந்த எங்கள் ஊர்களில் சத்தம் கேட்டால் முதலில் போனைத்தான் எடுப்போம். நம் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம். எடுப்பவர்கள் ஹலோ சொல்வதில்லை, "இருக்கேன்" என்பார்கள். அதைக் கேட்ட பிறகுதான் போன உயிர் திரும்பி வரும். நான் ஞானதுரை அண்ணனைக் கூப்பிட்டேன். வெகுநேரம் அடித்தபின் அவர் மனைவி கிரேஸ் மதினி எடுத்தார். "அவுக இல்லம்மா" என்றார். எந்தக் கம்பெனியில் என்று கேட்க வாயெடுத்தேன். "வீட்டுலதாம்மா. காபி கேட்டாக. கொண்டாந்து பாக்கேன், நாற்காலியில சாஞ்சிருக்காக." எத்தனையோ வருடம் நர்ஸ் வேலை பார்த்தவர், நாடி பார்த்த விரலை எடுக்கவே மனம் வரவில்லை என்றார். அந்தச் சத்தம் ஏதோ கல்குவாரி வெடி என்று பிறகு தெரிந்தது.

உங்களில் பலருக்கு அவர் கல்யாண வீட்டுப் போட்டோகிராபர். எனக்கு, என்னோடு சேர்ந்து வேலை பார்த்தவர். பட்டாசு ஆலைகளின் பாதுகாப்புப் பயிற்சிக்கான படங்களை நாங்கள் இருவரும் ஊர் ஊராகப் போய் எடுத்தோம். பேட்டரியிலிருந்து பொறி பறந்துவிடலாம் என்று செல்போனையும் டிஜிட்டல் கேமராவையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் ஃபிலிம் கேமராதான். இருந்ததும் ஒன்றே ஒன்று. அது வழியில் மக்கர் செய்தால் பயணமே படுத்துவிடும். கைக்கு எட்டுகிற விலையில் மாற்றுக்கு ஒன்று தேடினோம்.

"ரேஞ்ச்ஃபைண்டர்தான் வாங்கணும்" என்றார் அண்ணன். அதில் கண்ணை வைத்தால் எதிரே இருக்கும் முகம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். "உள்ள போனாலே பயத்துல எனக்கு எல்லாம் ரெண்டாத்தாண்ணே தெரியுது" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "மத்த கேமராவுல உள்ள இருக்க கண்ணாடி படக்குன்னு எந்திரிச்சு அடிக்கும். வெடிமருந்தக் கையில வச்சிருக்கவ அந்தச் சத்தத்துக்குத் துள்ளிட்டா?"

லென்ஸிலும் சண்டைதான். பழைய கேமராக்களோடு ஐம்பது எம்.எம். மலிவாகக் கிடைக்கும், அதுவே போதும் என்றேன். அவர் இன்னும் அகலமாகப் பிடிக்கும் முப்பத்தைந்துதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். "அம்பதுல ஆளு முழுசா வேணும்னா பின்னால போகணும். அங்கன பின்னால போகக்கூடாது தங்கச்சி. முதுகுக்குக் கண்ணு கிடையாது." லென்ஸ் வாங்க எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதை வேறெந்த ஊர்க்காரரும் சொல்லியிருக்க மாட்டார்.

முதலில் கிடைத்தது ஒரு பழைய ஜப்பான் கேமரா. அதோடு ஓர் ஆலைக்குள் போய், மருந்து கலக்கும் அறைக்குப் பக்கத்தில் நின்றோம். கேமராவைத் திருப்பிப் பார்த்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். அடியில் காசளவு ஒரு மூடி. வெளிச்சம் அளப்பதற்கான பொத்தான் பேட்டரி அதற்குள் இருந்தது. விற்றவர் எடுக்கவில்லை, எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து வாங்கிய அண்ணனும் அதைப் பார்க்கவில்லை. நான் வாசல் பக்கம் திரும்பினேன். "ஓடாதீக" என்றார் மெல்ல. "காலை இழுக்காதீக. தூக்கித் தூக்கி வைங்க. எதுலயும் உரசக்கூடாது." கேமராவைத் தன் கையில் வைத்துக்கொண்டு என்னை முன்னால் விட்டு நடந்தார். ஒன்றும் ஆகவில்லை. வாசலைத் தாண்டியதும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவர் வாந்தி எடுத்தார்.

"உங்களுக்குமா பயம்?" என்று கேட்டேன்.

"பயம் இருக்கப்போயித்தான் திருப்பிப் பாத்தேன். எனக்குப் பயமே இல்லன்னு ஒருத்தன் சொன்னா, அவன்கூட உள்ள போயிராதீக."

பிறகு எங்கெங்கோ விசாரித்து, பேட்டரி போட இடமே இல்லாத ஒரு ரஷ்யக் கேமராவையும் அதற்கு முப்பத்தைந்து லென்ஸையும் பிடித்துவந்தார். செங்கல் கனம். வெளிச்சத்தைக் கண்ணால்தான் கணிக்க வேண்டும். அடியைத் திருப்பி, "பாருங்க, மொட்டையா இருக்கு" என்று பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டினார். அடக்கம் முடிந்து கிளம்பும்போது மதினி அதை என் கையில் வைத்துவிட்டார். தோளில் மாட்டிக்கொண்டேன்.

போன வாரம் விஸ்வநத்தத்தில் ஓர் ஆலைக்கு முதன்முதலாகத் தனியாகப் போனேன். வாசலில் நின்று கேமராவின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். மொட்டை என்று தெரிந்தும் பார்த்தேன். உள்ளே திரி வைத்துக்கொண்டிருந்த பெண்ணின் முகம் இரண்டாகத் தெரிந்தது. வளையத்தை எத்தனை முறை திருப்பியும் ஒன்று சேரவே இல்லை. ஓரடி பின்னால் போகலாமா என்று காலைத் தூக்கியவள், தூக்கிய இடத்திலேயே வைத்தேன்.

"எம்புட்டு நேரம்க்கா பாப்பீக? பயமா?" என்றாள்.

"ஆமா."

"எங்களுக்குந்தான்" என்றாள். அவள் முகம் ஒன்றானது. எடுத்தேன்.

வெளியே வந்து செல்போனை வாங்கினால், மதினி திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். எங்கோ சத்தம் கேட்டிருக்கிறது. உடனே கூப்பிட்டேன். எடுத்தவருக்கு மூச்சு வாங்கியது. அண்ணனின் கேமரா என் தோளில் தொங்குகிறது. ஒருநாள் அதுவும் பழுதாகிப் போகும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பயத்தை. அதை விடமாட்டேன்.

"இருக்கேன் மதினி" என்றேன்.