உப்பை நிறுத்திய மூன்று வாரம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பங்குனி வெயில் ஏறத் தொடங்கியபோது, புதுச்சேரி சாரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

என் மனைவிக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. தூக்கம் வராததால், தவளக்குப்பத்தில் ஒரு சிறிய கிளினிக்கில் பல மாதங்களாக மிக்சர் மருந்து வாங்கிக் குடித்துவந்தாள். அங்கே பாட்டிலை நாமே கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் மருந்தைக் கலக்கி ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று அளவு தெரிய, வேளைக்கு ஒரு வெட்டாகக் கத்தரித்த காகிதத்தைப் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். மருந்தின் பெயர் எங்கும் இருக்காது.

அவள் மெல்ல மாறினாள். உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் அறைக்கு அறை நடந்தாள். கேஸை மூடினோமா என்று பத்து முறை போய்ப் பார்த்தாள். நடை தள்ளாடியது. முகமெல்லாம் பருக்கள். ஒரு நாள் காலை, விருந்தாளி வந்திருப்பதாகச் சொல்லி யாருமில்லாத கூடத்தில் காபி கொண்டுவந்து வைத்தாள்.

ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: குளோரைடு 116. இருக்கவேண்டிய உச்ச அளவு 107. அச்சுப்பிழையோ என்று லேபுக்குப் போய்க் கேட்டேன். மறுபடி ஓட்டிப் பார்த்து அதே எண்ணைச் சொன்னார்கள். குளோரைடு என்றால் உப்பு என்று செல்போனில் படித்தேன். யாரையும் கேட்கவில்லை. அன்றே சமையலை என் கைக்கு மாற்றி, உப்பை நிறுத்தினேன்.

"இது சோறா, வைக்கோலா?" என்று தட்டைத் தள்ளினாள். "நீயே தின்னு." கல்யாணம் ஆகி முப்பது வருடத்தில் அவள் என்னை 'நீ' என்றது அதுதான் முதல்முறை.

மூன்றாவது வாரம் மறுபடி பரிசோதனை. குளோரைடு 128. திருட்டுத்தனமாக உப்பு தின்கிறாள் என்று முடிவுகட்டினேன். உப்பு டப்பாவையும் ஊறுகாயையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"நான் தொடவே இல்லீங்க. சத்தியமா தொடல" என்று அழுதாள்.

"ரிப்போர்ட் பொய் சொல்லுமா?" என்றேன்.

அவளை அடக்க, மிக்சரை ஒரு வெட்டுக்குப் பதில் இரண்டு வெட்டாக ஊற்றிக் கொடுத்தேன். என் கையால்.

உறவினர்கள் மனநல மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னார்கள். படுக்கைக்கும் சொல்லியாயிற்று. அதற்கு முன் பொது மருத்துவர் ஒருவரிடம் கடிதம் வாங்கப் போனோம். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சோடியம் சரியா இருக்கு. குளோரைடு மட்டும் இவ்ளோ ஏறவே ஏறாது சார், ரெண்டும் சேர்ந்துதான் ஏறணும், கணக்கு ஒத்து வரல. வேற என்ன மருந்து சாப்பிடுறாங்க?"

"பிரஷர் மாத்திரை மட்டும்தான்."

"மாத்திரைய கேக்கல. வாயில போறது எல்லாத்தையும் சொல்லுங்க."

மிக்சரைச் சொன்னேன். போய் பாட்டிலை எடுத்துவந்தேன். கிளினிக்குக்கு அவரே போன் போட்டுப் பேசினார். பிறகு என்னிடம் சொன்னார்: அதில் புரோமைடு என்ற பழைய காலத் தூக்க மருந்து இருக்கிறது; பல மாதம் குடித்தால் உடம்பில் தேங்கி மூளையைக் கலக்கும்; லேப் மெஷினுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, புரோமைடையும் குளோரைடு என்றே காட்டிவிடும்.

"உப்ப குறைச்சீங்களா?"

தலையாட்டினேன்.

"உப்பு உள்ள போனாதான் சார் புரோமைடு சிறுநீர்ல வெளிய போகும். நீங்க கதவ சாத்திட்டீங்க."

மிக்சரை நிறுத்தி, நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினார்கள். சென்னைக்கு அனுப்பிய ரத்தத்தில் புரோமைடு மிக அதிகம் என்று பதில் வருவதற்குள்ளேயே அவள் தெளியத் தொடங்கியிருந்தாள். ஐந்தாம் நாள், "ஏங்க, சட்டைய மாத்தக்கூட மாட்டீங்களா?" என்று கேட்டாள். நான் வெளியே வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்தபின் நடந்ததை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லீங்க, விடுங்க" என்று சிரித்தாள். தாளில் இருந்த எண்ணை நம்பி, எதிரில் அழுதவளை நம்பாமல் போனதை, அது நினைவிலேயே இல்லாதவள் மன்னித்தால் அது மன்னிப்பாகுமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.