கவிதையில் வந்த இனிப்பு

ராஜபாளையத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்குப் போர் எதிர்ப்புக் கவிதை ஒன்றை நடத்தினேன். போருக்குப் புறப்படும் மகனுக்குத் தாய் இனிப்பு ஊட்டும் கவிதை. "இதில் முரண் எங்கே?" என்று கேட்டேன்.

சோழபுரத்து முருகேசன் எழுந்தான். "அவன் திரும்பி வரமாட்டான்னு நமக்குத் தெரியும் சார். அவன் அம்மாவுக்குத் தெரியாது."

வகுப்பே கைதட்டியது.

மறு ஆண்டு அவன் பால்கோவாவோடு வீட்டுக்கு வந்தான். "ஆர்மில செலக்ட் ஆயிட்டேன் சார். நாளைக்குக் கிளம்புறேன்."

"ஏலே, அந்தக் கவிதை மறந்துபோச்சா?"

"மறக்கல சார். வேற வேலை எங்க கெடைக்கு?" பால்கோவாவை எடுத்து நீட்டினான்: "எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் ஊட்டிவிட்டா."

அவன் நீட்டியதை வாங்கித் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

இந்த ஆண்டும் அந்தக் கவிதையை நடத்தினேன். அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை.